தொங்கிப் பார்த்தால் போதுமா? மலைக்கான உடைகளையும் ஏறும் கருவிகளையும் நாமே சோதிப்பது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். இரண்டு வருடமாக வார இறுதிகளில் மலையேற்றம் போகிறீர்கள், ஆறு மாதமாகச் செயற்கைச் சுவரில் ஏறப் பழகுகிறீர்கள். கடையில் எந்த ஜாக்கெட்டை எடுத்தாலும் ஓர் எண், எந்தக் கொக்கியை எடுத்தாலும் ஓர் எண். ஆய்வகம் எதுவும் இல்லாத ஒருவர் எதை நம்பி வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறீர்கள். கூடவே, நண்பர் ஒருவர் தன் பழைய ஹார்னஸையும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) ரோப்பையும் பாதி விலைக்குத் தருகிறார், மொட்டை மாடியில் கட்டித் தொங்கிப் பார்த்ததில் நன்றாகத் தாங்கியது, வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வாங்காதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் துணியின் தரம் பார்க்கும் பிரிவில் 14 வருடமாக வேலை செய்கிறேன். வாரம் முழுக்கத் துணியைத் தேய்த்தும் இழுத்தும் நனைத்தும் பார்ப்பதுதான் தொழில். விடுமுறை கிடைத்தால் மலை. இந்த இரண்டும் சேர்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. நாம் மலைக்குக் கொண்டுபோகும் பொருட்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கெட்டுப்போனால் நாம் அவதிப்படுகிற பொருள் ஒரு வகை: ஜாக்கெட், ஷூ, பை, விளக்கு. கெட்டுப்போனால் நாம் கீழே விழுகிற பொருள் இன்னொரு வகை: ரோப், ஹார்னஸ், ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா), காரபினர் (திறந்து மூடும் வாய் உள்ள உலோகக் கொக்கி). முதல் வகையை வீட்டிலேயே எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதிக்கலாம், சோதித்தே ஆக வேண்டும். இரண்டாம் வகையை நாம் சோதிக்கவே கூடாது. பார்க்க வேண்டும், தடவ வேண்டும், அதன் கதையைக் கேட்க வேண்டும், சந்தேகம் வந்தால் கழித்துவிட வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜாக்கெட்டை மட்டும் அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறார்கள், ரோப்பைத் தொங்கிப் பார்த்து வாங்குகிறார்கள்.

சரி, மழை ஜாக்கெட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் ஏமாற்றம் தருவது அதுதான். '10,000 மிமீ' என்று அட்டையில் இருக்கும். துணியை ஒரு வளையத்தில் இறுக்கி, ஒரு பக்கமிருந்து தண்ணீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்று இடத்தில் துளி எட்டிப் பார்க்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். 10,000 மிமீ என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். வானத்திலிருந்து விழும் மழை இவ்வளவு அழுத்தம் தராது. ஆனால் பையின் பட்டை தோளில் அழுத்தும் இடமும், ஈரப் பாறையில் உட்காரும் இடமும், முழங்கால் ஊன்றும் இடமும் மழையைவிடப் பல மடங்கு அழுத்தம் தரும். எண் பெரிதாக இருப்பதற்குப் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் புதுத் துணியின் எண். தையலுக்கோ ஜிப்புக்கோ அது பொருந்தாது. தண்ணீர் உள்ளே வருவதோ பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

அதனால் நான் செய்யும் சோதனை இது. சாம்பல் நிறத்தில் ஒரு பருத்தி டி-ஷர்ட் போட்டுக்கொள்வேன். சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கறுப்பாகத் தெரியும். மேலே ஜாக்கெட். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவினாசி சாலையில் மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம். எதிர்க்காற்றோடு வரும் மழை மலை முகட்டு மழைக்கு நல்ல ஒத்திகை. வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று பார்ப்பேன். கழுத்து, மணிக்கட்டு, ஜிப்புக்குப் பின்னால், அப்புறம் இரு தோள்கள். ஒருமுறை, நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டில், இடது தோளில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஈரம். ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று தையல் சந்திக்கும் முனையில் உள்பக்க டேப் கொஞ்சம் மடிந்து ஒட்டியிருந்தது, நகத்தின் நுனி போகும் அளவுக்கு இடைவெளி. துணியில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து கடையிலேயே ஜாக்கெட்டை உள்புறம் வெளியே வருமாறு திருப்பி, தையல்கள் சந்திக்கும் முனைகளை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நீங்களும் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த எண், வியர்வை ஆவியை வெளியே விடும் அளவு. ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் எத்தனை கிராம் ஆவியை வெளியே விடும் என்பது கணக்கு. இதை அளக்கப் பல முறைகள் இருக்கின்றன, ஒரே துணிக்கு முறைக்கு முறை விடை மாறும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயன் குறைவு. அதைவிட முக்கியமான விஷயம் நம் தட்பவெப்பம். 1969-இல் பாப் கோர் என்பவர் பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நுண்துளைகள் உள்ள படலமாக்க முடியும் என்று கண்டுபிடித்தார். 1976 வாக்கில் கோர்டெக்ஸ் ஜாக்கெட்டுகள் சந்தைக்கு வந்தன. இந்தப் படலம் வேலை செய்வது ஒரே அடிப்படையில்: உள்ளே ஆவி அதிகம், வெளியே குறைவு என்றால் ஆவி வெளியே போகும். இமயமலையில் உள்ளே வெதுவெதுப்பும் வியர்வையும், வெளியே குளிர்ந்த வறண்ட காற்று. அருமையாக வேலை செய்யும். ஜூலையில் வால்பாறைக் காட்டில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவி எங்கே போகும்? உள்ளேயே தண்ணீராகி வடியும். 'ஜாக்கெட் ஒழுகுகிறது' என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் நனைந்தது சொந்த வியர்வையால்தான் என்பது என் எண்ணம்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே நனைந்தால் ஒழுகல். இன்னொரு நாள், தண்ணீரே இல்லாமல் அதே ஜாக்கெட்டோடு மாடிப்படி இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். நனைந்தால் வியர்வை. எனக்குக் கிடைத்த விடையை வைத்துச் சொல்கிறேன்: மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்பகுதிகளில் மழைக்காலத்துக்கு விலை உயர்ந்த ஜாக்கெட் தேவையே இல்லை. அக்குளில் ஜிப் வைத்த எளிய ஜாக்கெட்டோ, பையையும் சேர்த்து மூடும் போன்ச்சோவோ போதும். காற்று இல்லாத காட்டுப் பாதையில் நல்ல குடையை மிஞ்சியது எதுவும் இல்லை. அந்தப் பணத்தை ஷூவில் போடுங்கள்.

ஜாக்கெட்டின் மேல்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோட ஒரு பூச்சு இருக்கும். ஒரு கரண்டி தண்ணீரை ஜாக்கெட்டின் கைப்பகுதியில் விட்டுப் பாருங்கள். உருண்டால் பூச்சு உயிரோடு இருக்கிறது, பரவி ஊறினால் தேய்ந்துவிட்டது. ஊறிய மேல்துணி ஆவியை வெளியே விடாது, உடம்பில் சில்லென்று ஒட்டும். முன்பு இதற்குப் பயன்படுத்திய ஃப்ளூரின் சேர்மங்கள் சுற்றுச்சூழலில் அழியாமல் தங்குவதால் கைவிடப்பட்டு வருகின்றன. புதுப் பூச்சுகள் அவற்றைவிடச் சீக்கிரம் தேய்கின்றன, எண்ணெய்ப் பிசுக்குக்குத் தாங்குவதில்லை. ஆகவே இப்போது வாங்கும் ஜாக்கெட்டுக்குத் துவைப்பு அதிகம் தேவை. பலர் துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து அழுக்கோடு வைத்திருக்கிறார்கள், அதுதான் கெடுக்கிறது. மிதமான சோப்புத் திரவம், நல்ல அலசல், லேபிள் அனுமதித்தால் மிதமான சூடு. சூடு பட்டால் பூச்சு ஓரளவு மீளும். வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம்.

உள்ளே அணியும் சட்டைக்கு வருவோம். பருத்தி வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டு நம்ப வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு பருத்தி டி-ஷர்ட், ஒரு பாலியஸ்டர் டி-ஷர்ட், இரண்டையும் முதலில் உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முக்கி, கையால் முடிந்தவரை பிழிந்து மறுபடி நிறுங்கள். நிழலில் கொடியில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துக்கொண்டே இருங்கள். பாலியஸ்டர் தன் பழைய எடைக்குத் திரும்பிய பிறகும் பருத்தி கனமாகவே தொங்கும். பருத்தி இழை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 சதவீத அளவுக்கு ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. இது எங்கள் தொழிலில் தினமும் புழங்கும் கணக்கு.

இது எங்கே உறைக்கும் என்றால் வெள்ளியங்கிரியில். இரவு பூண்டியில் தொடங்கி, மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு படிக்கட்டு ஏறும்போது சட்டை முழுக்க வியர்வை. விடியலுக்கு முன் ஏழாவது மலைக்குப் போய் நிற்கும்போது காற்று அடிக்கும் பாருங்கள், ஈரப் பருத்திச் சட்டையோடு நிற்பவர்களின் தாடை தானாக ஆடும். பழகிய பெரியவர்கள் சட்டையைக் கழற்றித் துண்டை மட்டும் போர்த்தி ஏறுவார்கள், உச்சிக்குப் போனதும் மூட்டையிலிருந்து உலர்ந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். எந்த விலை உயர்ந்த துணியும் இதைவிட நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பாலித்தீன் பையில் சுற்றிய ஓர் உலர்ந்த சட்டை, அவ்வளவுதான். அதே சமயம், சமவெளி வெயிலில் கரடு முரடான குன்றுகளில் பகலில் நடக்கும்போது மெல்லிய பருத்திதான் எனக்குச் சுகம். ஈரமாக இருப்பதே அங்கே குளிர்ச்சி. இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைத் தடுக்கும் காலுறை பற்றி ஒரே வரி: பின்னலாடை ஆகாது, நெருக்கமாக நெய்த துணிதான் வேண்டும். சாதாரண சாக்ஸைக் கையில் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்னலின் கண்கள் விரிவது தெரியும், அந்த இடைவெளி ஒரு சிறிய அட்டைக்குத் தாராளம்.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டு, சாய்தளத்தில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. இடித்துக்கொண்டே பத்து கிலோமீட்டர் இறங்கினால் நகம் கறுத்துவிடும்.

பிடிமானத்துக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது: துவைக்கிற கல். கருங்கல், ஒரு பக்கம் சரிவு, எப்போதும் ஈரம். நம் மலைகளில் காலை வாரிவிடும் பாறையும் பெரும்பாலும் அதே இனம்தான். சோப்பு நுரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஈரக் கல்லின் சரிவில் ஒரு காலை வைத்து மெதுவாக எடையை ஏற்றுங்கள். பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலில் இரண்டு வேறு ஷூ போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பள்ளம் ஆழமாக இருக்கும் அடிப்பாகம் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஈரப் பாறையில் அந்தப் பள்ளத்தால் பயன் குறைவு. அங்கே ரப்பரின் மென்மைதான் கணக்கு. மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமானது வருடக்கணக்கில் உழைக்கும், வழுக்கும். இந்த அடிப்பாகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில், கால்களுக்குப் போதிய பாதுகாப்பில்லாமல் குளிரில் மாட்டிக்கொண்டு ஆறு பேர் இறந்தார்கள். அவர்களின் தோழரான விட்டாலே பிரமானி அதற்குப் பிறகுதான் ரப்பர் அடிப்பாகம் செய்வதில் இறங்கி, 1937-இல் விப்ரம் சோலுக்குக் காப்புரிமை பெற்றார். ஷூவின் அடியில் மஞ்சள் எண்கோணத்தில் 'விப்ரம்' என்று பார்ப்போமே, அது அவர் பெயரின் சுருக்கம்.

இனி, நம் ஊர் வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் சொல்லாத ஒன்று. பாலியூரித்தேன் என்ற பொருள் வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் தானாகவே சிதையும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். பல ட்ரெக்கிங் ஷூக்களின் நடு அடுக்கு இதனால் ஆனது, மலிவு ஜாக்கெட்டுகளின் உள்பூச்சும் இதுதான். என்னிடம் இருந்த ஒரு ஜோடி, இரண்டே முறை போட்டது, நான்கு வருடம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. புதுசு போலவே பளபளத்தது. அதைப் போட்டுக்கொண்டு வெள்ளியங்கிரி போனேன். இறங்கும் வழியில், முதலில் குதிகாலில் ஏதோ சப்பென்று அமுங்கியது போல இருந்தது. பத்து அடி தள்ளி வலது ஷூவின் அடிப்பாகம் முழுசாகப் படியிலேயே தங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் நடு அடுக்கு ஊறிய ரொட்டி போல விரலில் உதிர்ந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதி மலையை இறங்கினேன். இதைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் நகம் போதும். நடு அடுக்கின் பக்கவாட்டில் அழுத்துங்கள். நகத்தடம் மெதுவாக மறைந்தால் சரி. தடம் அப்படியே நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ, ஷூவை வளைக்கும்போது மெல்லிய விரிசல் தெரிந்தாலோ அது மலைக்கு ஆகாது. நீண்ட நாள் வைத்திருந்த ஷூ எதுவானாலும், பயணத்துக்கு முந்தைய வாரம் இரண்டு நாள் ஊருக்குள் போட்டு நடந்துவிட்டுக் கொண்டுபோங்கள். ஜாக்கெட்டில் இதே சிதைவு உள்புறம் பிசுபிசுப்பாகவும், தோல் உரிவது போலவும், ஒரு புளித்த நாற்றமாகவும் தெரியும். அதைச் சரிசெய்ய வழி இல்லை.

பையைப் பற்றி: பத்து கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் படி ஏறி இறங்குங்கள். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. எடை இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் அல்ல.

தலைவிளக்குக்கு '400 லூமென், 100 மணி நேரம்' என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. எஃப்எல்1 என்ற தரமுறைப்படி வெளிச்சத்தைப் போட்ட முப்பதாவது விநாடிக்கும் இரண்டாவது நிமிடத்துக்கும் இடையில் அளப்பார்கள். எரியும் நேரம் என்பது வெளிச்சம் அந்தத் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை. ஒரு இரவு இருட்டறையில் எரியவிட்டு, கைப்பேசிக் கேமராவின் அளவுகளை மாற்றாமல் மணிக்கு ஒரு படம் எடுங்கள். காலையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தூக்கப் பைக்கு இப்படி வீட்டுச் சோதனை கிடையாது, ஆனால் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்க மட்டுமான எண், அதில் தூங்க முடியாது.

இப்போது இரண்டாம் வகை. உங்கள் மொட்டை மாடிச் சோதனைக்கு வருகிறேன்.

ஏறும் கருவிகளில் வலிமையைக் கிலோநியூட்டனில் குறிப்பார்கள். ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய நூறு கிலோ எடை தரும் விசை. உங்கள் எடை 70 கிலோ என்றால் நீங்கள் அசையாமல் தொங்கும்போது 0.7 கிலோநியூட்டன். ஐரோப்பியத் தரமுறைப்படி ஒரு புது ஹார்னஸ் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஹார்னஸ் வெயிலிலும் தேய்மானத்திலும் தன் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1.5 கிலோநியூட்டன். நீங்கள் தொங்கினால் தாங்கும். கொஞ்சம் குதித்தாலும் தாங்கக்கூடும். ஆனால் பாறையில் ரோப்பைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முதல் ஆளாக முன்னேறிப் போகும்போது கை நழுவிச் சில மீட்டர் விழுந்தால் உங்கள் மேல் வரும் விசை 3, 4 கிலோநியூட்டன் வரை போகும், மேலே ரோப் திரும்பும் காரபினருக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே 'தொங்கிப் பார்த்தேன், தாங்கியது' என்பது எதையும் சொல்லவில்லை. நல்ல பொருளும் தாங்கும், செத்த பொருளும் தாங்கும். உண்மையான விசையைக் கொடுத்துச் சோதித்தால் அந்தப் பொருளே அதோடு பலவீனப்பட்டுவிடும், அப்புறம் அதை நம்பி ஏற முடியாது. எங்கள் ஆய்வகத்திலும் இதே கதைதான். இழுத்துக் கிழித்துப் பார்த்த துணித் துண்டை யாரும் சட்டையாகத் தைப்பதில்லை. ஒரு லாட்டிலிருந்து சிலவற்றை அழித்து, மற்றவற்றைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம். ரோப் விஷயத்தில் அந்த வேலையைத் தயாரிப்பாளர் செய்துவிட்டார். அதற்கான முத்திரைதான் சிஇ (ஐரோப்பியக் குறி), யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) குறிகளும், பக்கத்தில் இருக்கும் ஈஎன் எண்ணும், அதாவது ஐரோப்பியத் தரமுறையின் எண்ணும்.

ரோப்புக்கு ஈஎன் 892. ஒற்றை ரோப் என்றால் 80 கிலோ இரும்பு எடையைக் கட்டி, ரோப்பின் நீளத்தைப் போல ஏறக்குறைய 1.77 மடங்கு தூரம் விழவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. குறைந்தது ஐந்து முறை அறுபடாமல் நிற்க வேண்டும், முதல் விழுதலில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. ரோப் அறுபடாமல் இருப்பது மட்டும் போதாது, நீண்டு கொடுத்து விழுபவரின் உடலைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் கட்டட வேலைக் கயிறும், இறங்குவதற்கு மட்டும் பயன்படும் நீளாத ஸ்டாட்டிக் ரோப்பும் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முன்னேறி ஏற ஆகாது. கயிறு அறுபடாது, முதுகெலும்புதான் போகும். சணல் கயிற்றுக் காலத்தில் முன்னால் போகிறவர் விழவே கூடாது என்பதுதான் விதி. நைலான் வந்த பிறகு, 1953-இல் எடெல்ரிட் நிறுவனம் உள்ளே இழைக்கற்றை, வெளியே பின்னிய உறை என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகுதான் விழுவது என்பது பிழைக்கக்கூடிய விஷயமாக மாறியது.

உறை இருப்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே கைதான் கண். நான் மாதம் ஒருமுறை, விழுந்த நாளென்றால் அன்றே, ரோப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு விரலுக்கு இடையில் விட்டு இழுப்பேன். 60 மீட்டருக்குக் கால் மணி நேரம் ஆகும். பேசிக்கொண்டே செய்ய மாட்டேன். திடீரென்று மென்மையாக, அல்லது தட்டையாக, அல்லது முடிச்சு போலப் புடைத்து ஓர் இடம் வந்தால் நிறுத்தி, அங்கே சிறு வளையமாக வளைப்பேன். நல்ல ரோப் உருண்டையாக வளையும். காகிதம் போல மடிந்தால் உள்ளே கற்றை உடைந்திருக்கிறது. உறை கிழிந்து வெள்ளை இழை தெரிந்தால் ஆராய்ச்சியே வேண்டாம்.

ஆனால் விரலுக்கும் அகப்படாத ஒரு எதிரி இருக்கிறது: அமிலம். நைலான் அமிலத்தில் செத்துப்போகும், தொட்டால் தெரியாது, பார்த்தால் தெரியாது. பேட்டரி அமிலத்தின் ஆவி பட்ட ரோப்கள் மிகக் குறைந்த விசையில் அறுந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இன்வர்ட்டர் பேட்டரி எங்கே இருக்கிறது? படிக்கட்டுக்கு அடியில். பழைய பை, கயிறு எல்லாம் எங்கே போடுவோம்? அதே இடத்தில். குளியலறை கழுவும் ஆசிட் புட்டியும் பக்கத்திலேயே இருக்கும். என் ரோப் படுக்கையறை அலமாரியில், துணிப் பையில் இருக்கிறது. வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, காரணம் சொன்ன பிறகு இல்லை.

ஹார்னஸில் முதலில் பார்க்க வேண்டியது பிலே லூப், அதாவது இடுப்புப் பட்டையையும் தொடைப் பட்டையையும் முன்பக்கம் இணைக்கும் வளையம். ரோப்பில் இறங்கும்போதும், இன்னொருவர் ஏற ரோப்பைப் பிடித்துக் காக்கும்போதும் முழுச் சுமையையும் தாங்குவது அந்த ஒரு வளையம். 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் இறந்தார். உலகின் தலைசிறந்த பாறை ஏறுபவர்களில் ஒருவர். ரோப்பில் இறங்கிக்கொண்டிருந்தபோது, தேய்ந்து போயிருந்த பிலே லூப் அறுந்தது. அது தேய்ந்திருப்பது முன்பே தெரிந்திருந்தது, புது ஹார்னஸுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். விழவில்லை, குதிக்கவில்லை, தொங்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய நாள்களிலும் அதே வளையம் அவரைத் தாங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

ஸ்லிங்கில் நைலானுக்கும் டைனீமாவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். டைனீமா என்பது ஒரு வகைப் பாலித்தீன் இழை. மெல்லியது, கிலோநியூட்டன் எண் அதே 22. ஆனால் அது நீளாது, 145 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும், முடிச்சுப் போட்டால் வலிமை வெகுவாகக் குறையும். வேல்ஸில் இருக்கும் டிஎம்எம் நிறுவனம் இதைத் தன் சோதனைக் கோபுரத்தில் செய்து காட்டியது. 80 கிலோ எடையைக் கட்டி, ரோப் எதுவும் இல்லாமல் ஸ்லிங்கிலேயே விழவிட்டபோது, முடிச்சுப் போட்ட டைனீமா அறுந்தது. ஸ்லிங்கில் உங்களைக் கட்டிக்கொண்டு, அதைப் பாறையில் பிணைத்திருக்கும் நங்கூரத்துக்கு மேலே ஏறி நிற்காதீர்கள் என்பதுதான் இதன் பொருள்.

காரபினரின் உடம்பில் மூன்று எண் இருக்கும். நீளவாக்கில் 20-க்குமேல், குறுக்கில் 7 அல்லது அதற்குமேல், வாய் திறந்திருக்கும்போதும் அதே அளவில். மூன்றில் ஒரு பங்கு! ஆகவே வாய் சரியாக மூடுகிறதா என்பதே முதல் சோதனை. மணல் போயிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அப்புறம் ரோப் ஓடிய வளைவில் விரலை ஓட்டுங்கள். மண் படிந்த ரோப் அலுமினியத்தை அரம் போல அறுத்துப் பள்ளம் ஆக்கும், பள்ளத்தின் விளிம்பு கத்தியாகும். விரலில் உறைத்தால் கழித்துவிடுங்கள்.

ஹெல்மெட் ஒரு பலமான அடி வாங்கியிருந்தால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் முடிந்தது. காத்மாண்டு தமேல் போன்ற இடங்களில் பிரபலப் பெயர்களோடு விற்கும் போலிப் பொருட்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போலி ஜாக்கெட்டை வாங்கினால் பணம்தான் போகும். போலிக் காரபினரிலும் அதே 22 பொறிக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் நடந்திருக்காது. இந்த வகைப் பொருட்களில் பேரம் தேடாதீர்கள்.

இனி உங்கள் நண்பரிடம் கேட்க வேண்டியவை. எந்த ஆண்டு தயாரித்தது? ஹார்னஸின் உள்பக்க லேபிளிலும் ரோப்பின் முனைப் பட்டையிலும் குறிப்பு இருக்கும். பயன்படுத்தாமல் இருந்தாலும், துணியால் ஆன பொருட்களுக்குத் தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 வருடம் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். அதிகம் ஏறியிருந்தால் ஓரிரு வருடத்திலேயே ஆயுள் முடியும். எத்தனை பெரிய விழுதல் வாங்கியது? வெயிலில் கட்டியே விட்டிருந்தார்களா? எங்கே வைத்திருந்தார்? வேறு யாராவது இரவல் வாங்கிப் போனார்களா? இவற்றில் ஒன்றுக்காவது 'ஞாபகம் இல்லை' என்று பதில் வந்தால் வாங்க வேண்டாம். அவர் நேர்மையானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ரோப்பின் வரலாறு தெரியாவிட்டால் அந்த ரோப்பைப் பற்றி எதுவுமே தெரியாது என்றுதான் பொருள். அவரிடம் காரபினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உலோகத்துக்கு இப்படி வருடக் கெடு கிடையாது. பள்ளமும் துருவும் பெரிய உயரத்திலிருந்து விழுந்த கதையும் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

ஹார்னஸும் ரோப்பும் புதிதாக வாங்குங்கள். வாங்கிய அன்றே ஒரு நோட்டில் தேதியையும் லேபிள் எண்ணையும் எழுதி, ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் ஒரு வரி சேருங்கள். என் முதல் ரோப்பின் நோட்டில் கடைசி வரி, ராமநகரத்தில் ஒரு கூரான விளிம்பில் உராய்ந்தது பற்றியது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அதை மூன்று மூன்று மீட்டராக வெட்டினேன், வேறு யாரும் எடுத்துக் கட்டிக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒரு துண்டு எங்கள் வீட்டில் துணி காயும் கொடியாக இருக்கிறது.